கணக்குக் கேட்கும் இரக்கம்



நீதியும் இரக்கமும் ஓரிடத்தில் குடியிருக்க இயலுமா என்பது மிகப் பழைய வினா. நீதி வழுவாதவன் குற்றத்தைக் குற்றமென்று சொல்லியே தீர வேண்டும். இரக்கமுடையவனோ குற்றவாளியைக் கைவிட மனங்கொள்ளான். திருவள்ளுவர் அரசனுக்குரிய இயல்புகளை வகுக்கும்போது, செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் அமைத்தார். அதே இயலிலே கண்ணோட்டத்திற்கும் ஓர் அதிகாரம் அமைத்தார். முறை செய்யும் கையும் கசியும் கண்ணும் ஒருவனிடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். மண்ணாளும் மன்னனிடத்து நாம் எதிர்பார்க்கும் இவ்விரண்டையும் இறைவனிடத்து நிறைவாகக் காண்பது கிறிஸ்தவ சமயம். அந்த நம்பிக்கை ஒரு கிறிஸ்தவனுடைய அன்றாட வாழ்வில் என்ன செய்கிறது என்பதையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதனை நான் முதலில் நூலிலிருந்து கற்றேனல்லேன். கல்லூரி விடுதியில் பயின்ற காலத்தில், வாசகசாலைக்கு மாணவரிடம் சந்தா தண்டும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்திலிருந்து 40 ரூபாயை என் சொந்தச் செலவிற்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் திரும்ப வைத்துவிடலாம் என்று எண்ணினேன். அடுத்த மாதம் வந்தது, பணம் வரவில்லை. ஒருநாள் மாலை விடுதிக் கண்காணிப்பாளர் கணக்குப் புத்தகத்துடன் வருமாறு எனக்கு ஆளனுப்பினார். வரவையும் செலவையும் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். என்னையே கூட்டச் சொன்னார். முடிவில் 40 ரூபாய் குறைந்தது. “இஃது யாருடைய கடன்?” என்று கேட்டார். “என்னுடையது, ஐயா” என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்வதற்கு எனக்கு நெடுநேரமாயிற்று. அவர் தம் மேசையைத் திறந்து, தம்முடைய பணத்தில் 40 ரூபாயை எடுத்துப் பெட்டியில் இட்டார். புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்து, “அடுத்த மாதச் சந்தாவையும் நீயே தண்டு” என்றார். அதன்பின் அவர் அதைப் பற்றி என்னிடமோ பிறரிடமோ ஒரு சொல்லும் பேசவில்லை.

அவர் கணக்கைக் கேளாமலே விட்டிருந்தால் அஃது இரக்கமாகாது, அசட்டையே ஆகும். கணக்கைக் கேட்டு, பற்றைக் காட்டி, அதனைத் தாமே ஏற்றுக்கொண்டார். கடன் இல்லையென்று அவர் சொல்லவில்லை. கடன் உண்டு, அதனை வேறொருவர் செலுத்தினார். இறைவனுடைய மன்னிப்பைப் பற்றிக் கிறிஸ்தவர் பேசுவதும் இந்தப் பொருளிலேயாம். சிலுவை அவர்களுக்கு நீதியை ஒதுக்கிவைத்த இடமன்று. நீதி கேட்ட விலையை இரக்கம் செலுத்திய இடம்.

இனி, மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்திலுள்ள ஓர் உவமைக்கு வருவோம். தனக்குத் தீங்கிழைத்த சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறை போதுமா என்று பேதுரு வினவினார். ஏழெழுபது முறை என்று இயேசு விடையிறுத்தார். விரல்விட்டு எண்ணுகிறவனுக்கு அஃது 490. ஆனால் எண்ணுவதையே விட்டுவிடு என்பதுதான் அதன் கருத்து. அதனை விளக்கவே உவமை பிறந்தது. ஓர் அரசன் தன் ஊழியரிடம் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறான். ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவன் காலில் விழுந்து தவணை கேட்கிறான். அரசனோ மனமிரங்கிக் கடன் முழுவதையும் விட்டுவிடுகிறான். வெளியே வந்த அவ்வூழியன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடனூழியனைக் கண்டு, கழுத்தைப் பிடித்து நெரித்துக் காவலில் போடுவிக்கிறான்.

இந்தத் தொகைகளை நாம் வாய்ப்பாடுபோல் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். சற்று நின்று கணக்கிட்டுப் பாருங்கள். வெள்ளிப்பணம் ஒன்று அந்நாளில் கூலியாள் ஒருவனது ஒரு நாள் ஊதியம். தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணத்திற்கு ஈடு. ஆகவே 10,000 தாலந்து என்பது 6 கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைக்கும் ஒருவன், உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தாலும், அதனை அடைக்க 2 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். ஏரோது மன்னன் இறந்தபின் அவனது நாட்டைப் பகிர்ந்துகொண்ட மைந்தர் மூவரின் ஆண்டு வருவாய் முழுவதையும் கூட்டினாலும் 1,000 தாலந்தை எட்டவில்லை என்பது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தரும் குறிப்பிலிருந்து தெரிகிறது. ஓர் ஊழியன் தலையில் இத்தனை கடனா என்று கேட்போர் வியக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தொகை சொல்லப்பட்டது.

ஆனால் மற்றைக் கடனையும் இகழ்ந்துவிடாதீர்கள். 100 வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் உழைப்பு. ஏழைக் குடும்பத்தின் மூன்று மாதச் சோறு. நமக்குப் பிறர் இழைக்கும் தீங்கு ஒன்றுமில்லை என்று உவமை சொல்லவில்லை. அதுவும் கடனே. எனினும் மன்னிக்கப்பட்ட கடனுக்கு முன்னே வைத்துப் பார்க்கும்போது, அஃது ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு. இதனையறிந்த அரசன் அவ்வூழியனை மீண்டும் அழைத்துத் தண்டனைக்கு ஒப்புவிக்கிறான். கடன்பட்டதற்காக அவனுக்குத் தண்டனை வரவில்லை. பெற்ற இரக்கத்தைத் தன்னளவில் நிறுத்திக்கொண்டதற்காகவே வந்தது.

அந்த ஊழியன் யாரென்று அறிய நான் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு பள்ளி விடுதி என் பொறுப்பில் இருந்தது. மாணவன் ஒருவன் தன் அறைத்தோழனுடைய பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துவிட்டான். நான் விசாரித்தேன், அவன் ஒப்புக்கொண்டான். விதி என் பக்கம் இருந்தது. அன்று மாலையே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அன்றிரவு வழக்கம்போல் ஜெபம் செய்யத் தொடங்கி, பிறருடைய கடனை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் கடனை மன்னியும் என்று வேண்டும் இடத்திற்கு வந்தபோது, எனக்கு அந்த 40 ரூபாய் நினைவுக்கு வந்தது. நா எழவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் ஊருக்குச் சென்றேன். பையன் அங்கு இல்லை. வெளியூரில் மாமன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் தந்தை திண்ணையைத் தட்டி உட்காரச் சொல்லி, மோர் கொணர்ந்து கொடுத்தார். “பையன் தப்புச் செய்தான், ஐயா. நீங்கள் செய்தது நியாயந்தான்” என்றார். அந்த ‘நியாயம்’ என்னும் சொல் என்னைச் சுட்டதுபோல் வேறெந்த ஏச்சும் சுட்டிராது. அவனை மீண்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி வந்தேன். அடுத்த ஜூன் மாதம் அவன் வந்து சேர்ந்தான். ஆனால் அவன் இழந்த ஓராண்டை என்னால் திருப்பிக்கொடுக்க இயலவில்லை. அஃது இன்றும் என் பற்றுக் கணக்கில் நிற்கிறது.

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து, “எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டே போனால் ஒழுங்கு என்னாவது?” என்று கேட்கலாம். தக்க கேள்வியே. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் எரிகோ நகரத்துச் சகேயு என்பவனைக் காண்கிறோம். அவன் வரிதண்டுவோருக்குத் தலைவன், செல்வன், ஊராரால் வெறுக்கப்பட்டவன். இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொன்னபோது அவன் இன்னும் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. இரக்கம் முந்திக்கொண்டது. அதன் பின்னரே, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், வஞ்சித்து வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் அவன் உறுதி கூறினான். மெய்யான இரக்கம் குற்றத்தை வளர்ப்பதில்லை. குற்றவாளி தானே எழுந்து ஈடுசெய்யும்படி செய்கிறது. நான் அந்த மாணவனிடம் 5 ரூபாயைத் திருப்பிக்கொடுக்கச் சொல்லியிருக்கலாம். தோழனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஒழுங்கும் நிலைத்திருக்கும், பையனும் நிலைத்திருப்பான்.

இறுதி நியாயத்தீர்ப்பைப் பற்றி அதே மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் கூறுகிறார். அங்கே கேட்கப்படுவன எவை? பசித்தவனுக்கு உணவிட்டாயா, தாகமுற்றவனுக்குத் தண்ணீர் தந்தாயா, அந்நியனை ஏற்றாயா, ஆடையற்றவனை உடுத்தினாயா, நோயாளியையும் சிறைப்பட்டவனையும் பார்க்கச் சென்றாயா என்பனவே. தீர்ப்பு மன்றத்தில் கேட்கப்படும் கேள்விகள் யாவும் இரக்கத்தைப் பற்றியவை என்பதை எண்ணிப் பாருங்கள்! நம் தமிழகத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் கிறிஸ்தவப் பெரியார் வாழ்ந்தார். முன்சீபாக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர், ‘நீதிநூல்’ இயற்றியவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தளித்தவர். 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் பொருளைக் கொண்டு பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். பிறர் வழக்கைத் தீர்த்தவர், தம்மிடம் கேட்கப்போகும் கேள்வியையும் அறிந்திருந்தார்.

ஆகவே, கிறிஸ்தவனுக்கு இறைவனுடைய தீர்ப்பு என்பது எங்கோ காலத்தின் கடைக்கோடியில் காத்திருக்கும் ஒன்று மட்டுமன்று. நாள்தோறும் அவன் தன் வாயாலேயே தனக்கு அளவுகோலை வகுத்துக்கொள்கிறான். தான் பிறருக்கு அளக்கும் அளவினாலேயே தனக்கும் அளக்குமாறு வேண்டிக்கொள்கிறான். அச்சந்தரும் வேண்டுதல்தான், எனினும் ஆறுதலும் அதிலேயே உண்டு. கணக்குக் கேட்பவர் யாரோ, கடனைத் தாமே செலுத்தியவரும் அவரே.

இன்றிரவு நீங்கள் உறங்கச் செல்லுமுன், எச்சமயத்தவராயினும் சரி, ஒரு சிறு கணக்குப் பாருங்கள். உங்களிடம் கடன்பட்டவரின் பெயர்கள் எளிதில் நினைவுக்கு வரும். அவற்றை எழுதுமுன், உங்களைக் காட்டிக்கொடுக்காமல் காத்த ஓர் ஆசிரியர், கேள்வி கேளாமல் கட்டணம் செலுத்திய தந்தை, மன்னித்ததைச் சொல்லிக்காட்டாத ஒரு தோழன் ஆகியோரின் பெயர்களை முதலில் எழுதுங்கள். நான் எழுதத் தொடங்கினால் என் பட்டியலில் முதலில் நிற்பவர் அந்த விடுதிக் கண்காணிப்பாளர். அவருக்கு நான் அந்த 40 ரூபாயைத் திருப்பித் தரவே இல்லை; அவர் கேட்கவும் இல்லை.