தீர்ப்புக்கு முன் வந்த மன்னிப்பு

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு, வெள்ளை மாளிகைக்கு அருகிலுள்ள ஸெயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு திரும்பி வந்து, தம் அலுவலக மேஜையின் முன் அமர்ந்து, தொலைக்காட்சி வாயிலாக ஜனங்களுக்கு ஒரு பிரகடனத்தை வாசித்தார். பின்னர் பேனாவை எடுத்து அதில் கையெழுத்தும் இட்டார். தமக்கு முன் அப்பதவியை வகித்த ரிச்சர்டு நிக்ஸன், 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்டு 9 வரை, அதாவது பதவியேற்ற நாள் தொடங்கிப் பதவி துறந்த நாள் ஈறாக, அமெரிக்க நாட்டுக்கு எதிராகச் செய்த அல்லது செய்திருக்கக்கூடிய சகல குற்றங்களுக்கும் பூரண மன்னிப்பு அளிக்கப்படுகிறது என்பதே அப்பிரகடனத்தின் சாரம்.

'செய்திருக்கக்கூடிய' என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்டி என் மனம் எளிதில் செல்ல மறுக்கிறது. தப்புச் செய்த மகனை மன்னிக்கும் தகப்பன்கூட, மன்னிக்கத் தீர்மானித்தே வந்திருந்தாலும், "என்னடா செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மன்னிக்கிறான். இங்கேயோ கேள்வியும் எழவில்லை, பதிலும் வரவில்லை. எதை மன்னிக்கிறோம் என்பது மன்னித்தவருக்கும் தெரியாமல், அந்த மன்னிப்பினால் கட்டுண்ட இருபது கோடிக்கு மேற்பட்ட பிரஜைகளுக்கும் தெரியாமல், ஐந்தரை வருஷ காலம் முழுவதற்குமாகக் கணக்கு மூடப்பட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972 ஜூன் 17-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத்தில், ஒரு கதவின் தாழ் விழாதபடி ஒட்டப்பட்டிருந்த டேப் துண்டை இரவுக் காவலாளி ஒருவர் கண்டு பிய்த்தெறிந்தார்; சற்று நேரங்கழித்து அதே கதவில் மறுபடியும் டேப் ஒட்டியிருக்கக் கண்டு போலீஸைக் கூப்பிட்டார். எதிர்க்கட்சியாகிய டெமாக்ரடிக் கட்சியின் தலைமைக் காரியாலயத்துக்குள் ஐந்து பேர் கையும் களவுமாக அகப்பட்டனர். அவர்களை ஏவியவர்கள் நிக்ஸனின் தேர்தல் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள். ஆறே நாள் கழித்து, ஜூன் 23-ஆம் தேதி, சி.ஐ.ஏ.வைக் கொண்டு எஃப்.பி.ஐ.யின் விசாரணையை நிறுத்தும் உபாயத்துக்கு நிக்ஸன் சம்மதம் அளித்த சம்பாஷணை, தம் அறையில் அவரே அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. அந்த நாடாக்களைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் ஓராண்டு போராடிப் பார்த்தார். 1974 ஜூலை 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்றனர். ஆகஸ்டு 9-ஆம் தேதி ராஜிநாமா. அதிலிருந்து முப்பதாம் நாள் மன்னிப்பு.

ஃபோர்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நேர்மையான மனிதர் என்று அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டவர் அவர். நிக்ஸன் மீது வழக்குத் தொடர்ந்தால் பாரபட்சமற்ற ஜூரிகளைத் தேடி அமர்த்துவதற்கே ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ ஆகக்கூடும் என்று விசேஷ வழக்கறிஞர் ஜாவர்ஸ்கி அவருக்குத் தெரிவித்திருந்தார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, வியட்நாமில் யுத்தம் ஓய்ந்தபாடில்லை, இந்நிலையில் ஒரு முன்னாள் ஜனாதிபதி குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்குவதையே தேசம் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எந்தக் காரியமும் நடவாது என்று அவர் மெய்யாகவே நம்பினார். அந்நம்பிக்கைக்கு விலையும் கொடுத்தார். அவருடைய பத்திரிகைச் செயலாளர் டெர்ஹோர்ஸ்ட் மனச்சாட்சி இடங்கொடாமல் உடனே விலகினார். காலப் கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு 71 பேர் கொண்டிருந்த ஆதரவு, ஒரு மாதத்திற்குள் 50 அளவுக்குச் சரிந்தது. அந்தரங்க ஒப்பந்தம் ஏதேனும் இருந்ததா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அக்டோபர் 17-ஆம் தேதி அவரே காங்கிரஸின் உபகமிட்டி முன் நேரில் சென்று, ஒப்பந்தம் ஏதும் இல்லை என்று சாட்சியம் சொன்னார். 1976 தேர்தலில் தோற்றார். பின்னர், காலம் கோபத்தைத் தணித்தபின், 2001-இல், ஒருகாலத்தில் அந்த மன்னிப்பைக் கண்டித்த ஸெனட்டர் எட்வர்டு கென்னடியே, தம் தமையனார் பெயரால் வழங்கப்படும் தைரியத்துக்கான விருதை ஃபோர்டுக்கு அளிக்கும் சபையில், அன்று தாம் எண்ணியது தவறு என்று சொன்னார்.

ஆயினும் ஃபோர்டின் மனமே இவ்விஷயத்தில் முழுமையாக அமைதி பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தம் பணப்பையில் மடித்த காகிதம் ஒன்றை நெடுங்காலம் வைத்திருந்தார். 1915-ஆம் ஆண்டு பர்டிக் என்ற பத்திரிகாசிரியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பின் ஒரு பகுதி அது: மன்னிப்பு என்பது குற்றத்தைச் சாட்டுவது, அதை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்பது அதன் கருத்து. யாராவது கேட்டால் அதை எடுத்துக் காட்டுவாராம். நிக்ஸன் மன்னிப்பை ஏற்றார், ஆகவே குற்றத்தையும் ஒப்புக்கொண்டார் என்பது அவர் கண்ட சமாதானம். ஆனால் மன்னிப்பை ஏற்று நிக்ஸன் வெளியிட்ட அறிக்கையில் தவறுகளையும் தயக்கத்தையும் பற்றிய வருத்தம் உண்டே தவிர, குற்றம் என்ற சொல் தம் செயலுக்குப் பொருந்தும் என்ற ஒப்புதல் இல்லை. மூன்று வருஷங்களுக்குப் பின் பேட்டி ஒன்றில், ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதமாகாது என்றே அவர் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பேசும் பேச்சா இது?

தீர்ப்புக்கு முன்பே மன்னிக்கும் இந்த அதிகாரம் அமெரிக்க ஜனாதிபதிக்கு உண்டு என்பதை 1867-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊர்ஜிதம் செய்துவிட்டது. நம் இந்திய அரசியலமைப்பின் 72-ஆம் ஷரத்தையும் 161-ஆம் ஷரத்தையும் எடுத்துப் பார்த்தால், ராஷ்டிரபதியும் கவர்னரும் காட்டும் கருணையைப் பற்றிய அவ்வாசகங்கள் 'தண்டிக்கப்பட்டவர்' என்றே குறிப்பிடுகின்றன. முதலில் நியாயஸ்தலம், அப்புறம் தயை: இந்த வரிசையை நம்மவர்கள் எழுத்திலேயே வைத்துவிட்டதை நான் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன்.

நிக்ஸன் கலிபோர்னியாவில் கடற்கரையோரத்து வீட்டில் இருந்தார். அவருக்கு ஊழியம் செய்த ஹால்ட்மன், எர்லிக்மன், சட்டமந்திரியாகவே இருந்த மிட்செல் ஆகியோர் 1975 ஜனவரி முதல் தேதி குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்பட்டுப் பின்னர் சிறைக்குப் போனார்கள். எஜமானனுக்கு ஒரு நீதி, ஏவலாளுக்கு ஒரு நீதி என்று ஒரு குடியரசு தன் குடிகளுக்குக் காட்டிவிட்டால், அந்தக் காயம் எத்தனை விருதுகள் வழங்கினாலும் ஆறாது.

விசாரணை முதலிலும் மன்னிப்புப் பிறகுமாக நடந்த இடத்தில் என்ன விளைந்தது என்பதைத் தென் கொரியாவில் காணலாம். 1979 டிசம்பரில் ராணுவத்தைக் கைப்பற்றிய ஜெனரல் சுன் டூ ஹ்வான், ராணுவச் சட்டத்தை எதிர்த்து 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்து மாணவர்களும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தபோது, துருப்புக்களைக் கொண்டு அதை அடக்கினார். அரசாங்கக் கணக்கின்படியே 160-க்கு மேற்பட்டோர் மாண்டனர், காணாமற் போனவர்கள் வேறு. பதினாறு வருஷங்களுக்குப் பிறகு, 1996 ஆகஸ்டு 26-ஆம் தேதி, அவரும், அவருடைய சகாவும் அவருக்குப் பின் ஜனாதிபதியானவருமான ரோ டே வூவும், கைதியின் வெளிர் உடையோடு ஸியோல் நீதிமன்றத்தில் அருகருகே நின்று, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு தீர்ப்பைக் கேட்டனர். சுன்னுக்கு மரண தண்டனை. ரோவுக்கு இருபத்திரண்டரை வருஷச் சிறை. அப்பீலில் அவை ஆயுள் தண்டனையாகவும் பதினேழு வருஷமாகவும் குறைந்தன. 1997 டிசம்பரில், தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கக் காத்திருந்த கிம் டே ஜுங்கின் சம்மதத்தோடு, அப்போதைய ஜனாதிபதி கிம் யங் சாம் இருவரையும் மன்னித்து விடுதலை செய்தார். 1980-இல் சுன்னின் ராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் கிம் டே ஜுங் என்பதை நினைத்தால், இது அயலாரின் பெயரால் செய்த தயை அல்ல, தம் கழுத்தில் கயிற்றை உணர்ந்த ஒருவர் இசைந்த தயை என்பது விளங்கும்.

சுன் அந்தத் தயைக்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. தீர்ப்பின்படி திருப்பிக் கட்ட வேண்டிய 22,050 கோடி வான் பணத்தைக் கேட்டபோது, தம்மிடம் 2,90,000 வான்தான் இருக்கிறது என்றார். 2017-இல் வெளியிட்ட நினைவுநூலில், குவாங்ஜுவில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சாட்சி சொன்ன, காலஞ்சென்ற பாதிரியார் ஒருவரை இழிவாகப் பேசினார். ஆனால், நியாயஸ்தலம் ஏற்கெனவே உண்மையை நிலைநாட்டியிருந்த நாட்டில் அந்தப் பொய் எதிர்ப்பின்றி நிற்கவில்லை. 2020 நவம்பரில் குவாங்ஜு நீதிமன்றமே அவதூறுக் குற்றத்துக்காக அவரைத் தண்டித்தது. மறு வருஷம் தொண்ணூறு வயதில் அவர் இறந்தார். குவாங்ஜுவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

2023 மார்ச் 31-ஆம் தேதி, அந்தச் சம்பவங்கள் நடந்தபோது பிறந்திராத அவருடைய பேரன் ஒருவர் குவாங்ஜுவுக்கு வந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு மே 18 கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தாம் அணிந்திருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றி, அதைக் கொண்டு கல்லறைக் கற்களின் மீதிருந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.