பூட்டிய காருக்குள் பேய் வெளிச்சமா? ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஓடிவிடும்!

பிள்ளைச்சாவடி:
நள்ளிரவு. கடலோரச் சாலையில் கார் நிற்கிறது. கதவெல்லாம் பூட்டியாச்சு. ஆனால் உள்ளே கூரையில் மின்மினி போல மங்கலாக ஒரு வெளிச்சம்!

"போச்சு, காலையில கார் கிளம்பாது!" என்று பதற வேண்டாம்.

என்ன காரணம்?

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியதுதான். 10 வாட் குண்டு பல்பு எரிய முக்கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். எல்.இ.டி.க்கு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே மினுக்கும். விளக்கு அணைந்த பிறகும் வயரில் துளி கரண்ட் கசிவது உண்டு. பழைய பல்பு அதை மறைத்தது. புது பல்பு காட்டிக் கொடுக்கிறது!

உப்புக் காற்று

கடலோர ஊர்க்காரர்கள் முதலில் கதவு சுவிட்சைப் பாருங்கள். உப்பும் ஈரமும் படிந்தால் அங்கேயும் கசியும். துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

அப்போதும் அணையவில்லையா? 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு இருக்கும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி.யின் இரண்டு முனைக்கும் குறுக்கே அதை இணைக்க வேண்டும். கசியும் கரண்ட் அதன் வழியே போய்விடும். விளக்கு அணையும்.

உஷார்!

இண்டிகேட்டருக்கு விற்கும் 6 ஓம் ரெசிஸ்டரைக் கூரையில் வைக்காதீர்கள். விளக்கு எரியும்போது 24 வாட் சூடு! பிளாஸ்டிக் உருகிவிடும்.

மங்கலாக இல்லாமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் அது வேறு கோளாறு. உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

மற்றபடி, புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் அழுவதற்கு முன், சில்லறைக் காசு ரெசிஸ்டரைப் போட்டுப் பாருங்கள்!