குடிபுகும் முன் ஒரு கேள்வி

வீடு பார்க்கப் போனால் நாம் என்ன கேட்போம்? குழாயில் தண்ணீர் வருமா, முன்பணம் எவ்வளவு, அவ்வளவுதான்! நியூயார்க்கில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "குடியிருப்புச் சான்றிதழ் எங்கே, ஐயா?"

மூன்று குடித்தனங்களோ மேலோ கொண்ட புதுக் கட்டடத்துக்கு நகரக் கட்டட இலாகாவின் சான்றிதழ் இல்லாவிட்டால், வீட்டுக்காரர் வாடகை கேட்டு வழக்காட முடியாது. ஜன்னலில்லாத அறைகளில் ஏழைகளை அடைத்த காலத்தில், 1901-லேயே வந்த ஏற்பாடு இது. பேஷான சட்டந்தான்!

ஆனால் வாடகை மலிவென்று அனுமதியில்லாத நிலவறைகளுக்கும் ஆள் வருகிறது. 2021 செப்டம்பர் முதல் தேதி, ஐடா புயல் மழையில் நிலவறை வீடுகளில் வெள்ளம் புகுந்து 11 பேர் மாண்டார்கள். அவ்வீடுகளில் பெரும்பாலானவை அனுமதியின்றி மாற்றிக் கட்டியவை.

முன்பே புகார் செய்திருக்கலாமே என்கிறீர்களா? இன்ஸ்பெக்டர் வந்து பூட்டச் சொன்னால், மூட்டை முடிச்சுடன் முதலில் தெருவுக்கு வருகிறவள் குடியிருப்பவள்தானே!