முந்தும் குருவி, பொறுக்கும் குருவி

நெதர்லாந்து நாட்டில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஓர் அறைக்குள் ஐந்து செயற்கை மரங்கள். காட்டில் பிடித்துவந்த பட்டாணிக்குருவியை மறுநாள் காலை தனியாக உள்ளே விடுவார்கள். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிறு உள்ள சின்னக் குருவி அது. அதன் நெருங்கிய உறவினத்தை நம் நீலகிரியிலும் பார்க்கலாம். முதல் 2 நிமிடங்களில் அது எத்தனை தடவை பறக்கிறது, தத்துகிறது என்று எண்ணுவார்கள். பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சில குருவிகள் நுழைந்ததுமே எல்லா மரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். வேறு சில ஒரே கிளையில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். கூண்டில் பேட்டரி, பிங்க் பேந்தர் பொம்மை என்று புதுப்பொருள் வைத்தாலும், முந்துகிற குருவிதான் சட்டென்று கிட்டே போகும். ஆக, இது அன்றைக்கு மட்டும் வந்த தைரியம் அல்ல, குணம். பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கும் ஓரளவு வருகிறது.

புது இடத்தில் இரை எங்கே, ஆபத்து எங்கே என்று குருவிக்குத் தெரியாது. தெரியாதபோது அது எந்தப் பக்கம் சாயும் என்பதைக் குணம் தீர்மானிக்கிறது.

அப்படியானால் முந்துவதுதான் கெட்டிக்காரத்தனமா? இன்னொரு சோதனையைப் பாருங்கள். இரை வைக்கும் இடத்தை மாற்றினார்கள். முந்தும் குருவிகள் பழகிய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தன. பொறுக்கும் குருவிகளோ மாற்றத்தைச் சீக்கிரம் கவனித்துக்கொண்டன.

காட்டில் நடப்பது இன்னும் சுவையானது. குளிர்காலத்தில் இந்தக் குருவிகளுக்குப் பீச் மரக் கொட்டைகள் முக்கியமான உணவு. சில ஆண்டுகளில் அவை ஏராளமாக விளையும், சில ஆண்டுகளில் விளையவே விளையாது. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, உணவு குறைந்த ஆண்டுகளில் முந்தும் பெண் குருவிகளும் பொறுக்கும் ஆண் குருவிகளும் அதிகம் பிழைத்ததாகக் காட்டியது. உணவு மிகுந்த ஆண்டில் நிலைமை தலைகீழ்! அடுத்த குளிர்காலம் எப்படியிருக்கும் என்று எந்தக் குருவிக்கும் தெரியாது. எப்போதும் ஒரே குணம் ஜெயிப்பதில்லை. இரண்டு குணங்களும் காட்டில் நிலைத்திருக்க இது ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உங்கள் வகுப்பிலும் இரண்டு வகையினரும் இருப்பார்கள். ஒருவரை ‘அவசரக்குடுக்கை’ என்றும் மற்றவரைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்றும் கேலி செய்யாதீர்கள். குருவிக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: கலந்து பேசலாம். முடிவு தெரியாத காரியத்தில் இறங்கும்போது, உங்களுக்கு நேர் எதிர்க் குணமுள்ள நண்பரிடம் யோசனை கேளுங்கள். முந்துகிறவர், “நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?” என்று கேட்கட்டும். பொறுக்கிறவர், “தயங்கினால் எது கைநழுவும்?” என்று கேட்கட்டும்.