கல்லறை இல்லாத துக்கம்

வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போய்வராத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. திரும்பும் வழியில் ஓட்டலில் மதியச் சாப்பாடு. வண்டி கிளம்பியதும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூக்கம். அப்படியொரு வண்டியில்தான் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ என்னும் திரைப்படத்தின் கதையும் நடக்கிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2023 ஜனவரியில் திரைக்கு வந்த மலையாளப் படம். ஆனாலும் அதில் தமிழே நிறைய.

வேளாங்கண்ணியிலிருந்து கேரளம் திரும்பும் ஜேம்ஸ் (மம்மூட்டி), தமிழ்ச் சாப்பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே வருபவர். எல்லாரும் உறங்கும் வேளையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல் வழியே நடந்து முன்பின் அறியாத ஓர் ஊருக்குள் போய், ஒரு வீட்டில் நுழைந்து, வேட்டி மாற்றி, மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். தமிழில் பேசுகிறார். அந்த வீட்டுப் பிள்ளை சுந்தரம் காணாமற்போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்தவர் தன்னைச் சுந்தரம் என்றே நம்புகிறார்.

இது எப்படி நடந்தது என்று படம் விளக்கவில்லை. மறுபிறப்புக் கதையோ என்று சிலர் கேட்கலாம். நம் விசுவாசம் அதை ஏற்பதில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டியது அந்த வீட்டாரை. கண் தெரியாத தாய் அவரை மகனாகவே ஏற்கிறாள். மனைவி பூங்குழலியால் வாவென்றும் சொல்ல முடியவில்லை, போவென்றும் சொல்ல முடியவில்லை. இறந்தவருக்கு அழுது முடிக்கலாம். காணாமற்போனவருக்கு எந்த நாளில் அழுவது? தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா?

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அடையாளம் தெரியாமலே பலர் புதைக்கப்பட்டார்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் அது போதும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கும் தாய்க்கு அது போதாது.

லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்குப் போகும் இருவரின் துக்கமும் இதற்கு அருகில் நிற்கிறது. கல்லறை வெறுமை, உடலைக் காணோம். வழியில் சேர்ந்துகொண்ட அந்நியர், எல்லாம் அறிந்தவர், முதலில் என்ன செய்தார்? என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். கிளயோப்பா முழுவதையும் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே நடந்தார். மறைநூல் விளக்கம் அதற்குப் பிறகுதான். நாமோ துக்க வீட்டில் உட்காருவதற்கு முன்பே, “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று பேச்சை முடித்துவிடுகிறோம். கேட்பவருக்கு அது வாயை மூடு என்பதுபோல விழுகிறது.

வேலைக்கென்று வெளியூர் போய் வராதவர்கள், மனம் பேதலித்து வீட்டைவிட்டுப் போனவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மற்றவர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அந்த வீட்டார் எங்கே போவார்கள்? அன்றைய திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்க அவர்களும் வரலாம். இறந்தவர் என்று எழுத வேண்டியதில்லை. பெயர் மட்டும் போதும். பீடத்தில் அந்தப் பெயரை அப்படியே வாசிப்போம்.