மேலே போகும் வெளிச்சம்

மண்கும்பானில் ஒரு வீட்டு வேலை. வயரிங் என் பொறுப்பு. சீமெந்து களவு போகக்கூடாதென்று மூன்று மீட்டர் கம்பத்தில் எல்.இ.டி. ஃப்ளட் லைட் கட்டி, தூரம் வரை தெரியட்டும் என்று நன்றாக நிமிர்த்திவிட்டேன். இரண்டாம் நாள் சுபஹுக்குப் பிறகு ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, முந்தி கிழக்கு வெளுக்கிறதைப் பார்த்துத்தான் நாங்கள் ஸஹரை முடிக்கிறது. இப்ப உங்கட லைட்டால இரவெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

"கலண்டர் இருக்குதானே?" என்றேன். "கலண்டர் சொல்லும். கண் காண வேணாமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. முதலில் ஓநாய் வால்போல நிமிர்ந்து மங்கலாகத் தெரிவது பொய் வைகறை. பிறகு அடிவானத்தில் குறுக்காகப் பரவுவது உண்மை வைகறை. இரண்டும் மெல்லிய வெளிச்சங்கள். பக்கத்தில் விளக்கு எரிந்தால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். மலேசியா 2019இல் சுபஹுக்கான சூரியத் தாழ்வை 20 பாகையிலிருந்து 18 ஆக மாற்றியது. நேரம் சுமார் எட்டு நிமிடம் பிந்தியது. இந்தோனேசியாவின் முஹம்மதியா இயக்கமும் 18க்கு வந்தது. அந்த விவாதங்களில் செயற்கை வெளிச்சம் அளவீட்டைக் குழப்புகிறதா என்ற கேள்வியும் எழுந்தது.

உலக மக்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் மாசடைந்த வானத்தின் கீழ் வாழ்வதாக 2016இல் வெளியான உலக வரைபடம் காட்டியது. தீவுப்பகுதியில் இருள் இன்னும் மிச்சமிருக்கிறது. வேலைத்தளங்கள் பெருகும் இந்த நேரத்தில்தான் அதைக் காக்கவும் வேண்டும்.

ஒளி நேராக மேலே போனால் காற்றைச் சீக்கிரம் கடந்துவிடும். அடிவானத்துக்குச் சற்று மேலாகப் போகும் ஒளிதான் காற்றில் நெடுந்தூரம் ஓடிச் சிதறி, தொலைவிலுள்ள வானத்தையும் வெளுப்பாக்கும். நிமிர்த்திய ஃப்ளட் லைட் செய்வது அதைத்தான். சாதாரண ஃப்ளட் லைட்டின் கற்றை 120 பாகை விரியும். அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 60. அதை நேர் கீழிருந்து 30 பாகைக்கு மேல் நிமிர்த்தினால் கற்றையின் ஓரம் அடிவானத்தைத் தாண்டிவிடும். நான் 45க்கு நிமிர்த்தியிருந்தேன்.

தூரம் வேண்டுமென்றால் விளக்கை நிமிர்த்தாமல் கம்பத்தை உயர்த்துங்கள். ஒரே சாய்வில், மூன்று மீட்டருக்குப் பதில் ஆறு மீட்டரில் கட்டினால் வெளிச்சம் இரு மடங்கு தூரம் எட்டும். வெள்ளை விளக்கைவிட மஞ்சள் நல்லது. நீல ஒளிதான் அதிகம் சிதறும். மண்கும்பான் மணல் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும் என்பதால், தேவைக்கு மேல் வோட் வேண்டாம். காவலுக்கு அசைவுணரி பூட்டினால் ஆள் வரும்போது மட்டும் எரியும். கரண்ட் பில்லும் குறையும்.

அன்று மாலையே ஏணி வைத்து விளக்கைக் குனித்தேன். சீமெந்து மேடையில் முன்னைவிட அதிக வெளிச்சம் விழுந்தது. அடுத்த நாள் சுபஹுக்குப் போகும்போது பெரியவர் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.