மாட்டின் கடைவாய்ப் பல்லையும் கவனியுங்கள்

சந்தையில் மாட்டின் முன்பல்லைப் பார்த்து வயதைச் சொல்வது நம் விவசாயிகளுக்குக் கைவந்த கலை. ஆனால் தின்ற தீவனத்தை அரைத்து உடலில் சேரச் செய்பவை கடைவாய்ப் பற்களே. அவை பழுதானால் எவ்வளவு தீவனம் போட்டாலும் மாடு இளைக்கும், பால் குறையும். காரணம் தெரியாமல் நல்ல கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேரிடும்.

அமைப்பு

வளர்ந்த மாட்டுக்கு 32 பற்கள். முன்பற்கள் 8, இவை கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு. மீதி 24 கடைவாய்ப் பற்கள், மேலும் கீழும் பக்கத்துக்கு ஆறாக அமைந்துள்ளன. ஆறில் முன் மூன்று, பால்பல் விழுந்து முளைப்பவை. பின் மூன்று ஒரே முறைதான் முளைக்கும்.

பல்லின் மேல் கடினமான எனாமல் பிறை வடிவில் மடிந்திருக்கும். இடையிலுள்ள பகுதி விரைவில் தேய்வதால், பல் கொத்திய அம்மிபோல் சொரசொரப்பாக இருக்கும். தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மாடு வைக்கோலை இதில் அரைக்கிறது. அசைபோடுவதும் இப்பற்களால்தான்.

கோளாறும் அறிகுறியும்

மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. ஆகவே பற்கள் சாய்வாகத் தேயும். சில மாடுகளில் மேற்பல்லின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்ப்பல்லின் நாக்குப்பக்க விளிம்பும் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்கும்.

அப்போது மாடு தலையைச் சாய்த்து மெதுவாக மெல்லும். அரைகுறையாக மென்ற தீவனம் வாயிலிருந்து விழும். எச்சில் வடியும், வாய் நாறும். சாணத்தில் நீண்ட வைக்கோல் துண்டுகளும் முழுத் தானியமும் தென்படும்.

எச்சரிக்கை

எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையை விடாதீர்கள். வெறிநோய் கண்ட மாட்டுக்கும் எச்சில் ஒழுகும். தீவனத்தை விழுங்க முடியாது. அந்த எச்சில் கைப்புண்ணில் பட்டால் மனித உயிருக்கே ஆபத்து. கோமாரியிலும் எச்சில் வடியும். எந்த நோய் என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பராமரிப்பு

கூரான விளிம்பை மருத்துவர் அதற்குரிய அரத்தால் ராவிச் சரிசெய்வார். வீட்டு அரத்தால் முயல வேண்டாம். தாடை எலும்பில் அசையாத, கெட்டியான வீக்கம் கண்டால் உடனே காட்டுங்கள். நாள் கடந்தால் குணப்படுத்துவது கடினம். வயதான மாட்டுக்குத் தட்டையைப் பொடியாக நறுக்கியும், அடர்தீவனத்தை ஊறவைத்தும் கொடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற புளோரைடு மிகுந்த பகுதிகளில் கிணற்று நீரைப் பரிசோதித்து, வளரும் கன்றுகளுக்கு நல்ல நீர் கொடுங்கள். பல் உருவாகும் பருவத்தில் புளோரைடு மிகுந்தால், பின்னர் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மாடு இளைத்தால் குடற்புழு மருந்தோடு நின்றுவிடாமல், பல்லையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.